சொல்லாமல் விட்டது

பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்களின் கையிலுள்ள புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. ஒரு தலைமுறை எதை அறிவு என்று மதித்தது என்பதை அந்தத் தலைமுறையின் காவியங்கள் சொல்லும். அதைவிடச் சுருக்கமாக, அது நடத்திய பரீட்சைகள் சொல்லிவிடும். அரசர்களின் பெயரையும் போர்கள் நடந்த ஆண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று கேட்கப்படும் கேள்விகளில் ஒரு வகை என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அதில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை.

அந்தக் கேள்வியின் அமைப்பு இதுதான். மூன்று நான்கு வரிகளில் ஒருவர் வாதம் செய்வார். இரண்டு செய்திகளைச் சொல்லி, ‘ஆகவே இப்படி’ என்று முடிப்பார். அதன் கீழே நான்கைந்து வாக்கியங்கள் இருக்கும். ‘இந்த வாதம் வெளியே சொல்லாமல் எதை உண்மையென்று எடுத்துக்கொண்டிருக்கிறது?’ என்று கேட்பார்கள். அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் எழுதும் எல்.எஸ்.ஏ.டி. தேர்விலும், நிர்வாகப் படிப்புக்கான ஜிமேட் தேர்விலும் இந்தக் கேள்வி வரும். நம் நாட்டில் வங்கி உத்தியோகத்துக்கான தேர்வுகளிலும், ஐ.ஏ.எஸ். ஆக விரும்புகிறவர்கள் எழுதும் குடிமைப் பணித் தேர்விலும் வருகிறது. இப்படிச் சொல்லாமலே எடுத்துக்கொண்டதை எடுகோள் என்று அழைப்போம்.

எடுத்துக்காட்டாக நானே ஒரு கேள்வியைக் கற்பனை செய்கிறேன். ஓர் ஊரில் சென்ற ஆண்டு எல்லாப் பள்ளிகளிலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் நூலகத்துக்கு ஒதுக்கினார்கள். இந்த ஆண்டு பொதுத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ‘ஆகவே நூலக நேரம்தான் இந்தத் தேர்ச்சிக்குக் காரணம்’ என்கிறார் ஒருவர். அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்டது எது? ‘புத்தகம் படிப்பது நல்ல பழக்கம்’ என்பது ஒரு விடை. ‘எல்லா மாணவர்களும் அந்த நேரத்தில் புத்தகம் படித்தார்கள்’ என்பது மற்றொன்று. ‘மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றினால் பயன் பெறும்’ என்பது மூன்றாவது. ‘தேர்ச்சி கூடியதற்குக் கேள்வித்தாள் எளிதாக இருந்தது காரணம் அல்ல’ என்பது நான்காவது.

அவசரக்காரர் முதல் விடையைக் குறித்துவிடுவார். அது நல்ல வாக்கியம், உண்மையான வாக்கியமுங்கூட. அதுதான் அதிலுள்ள கண்ணி. ஒரு வாக்கியம் உண்மையாக இருப்பது வேறு. ஒரு வாதம் அதன் தோள்மீது நிற்பது வேறு. இதைப் பிரித்தறிய மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்க்க வேண்டும். மறுத்த பிறகும் வாதம் நின்றால், அது அந்த வாதத்தின் எடுகோள் இல்லை. மறுத்தவுடன் வாதம் சரிந்தால், அதுவே எடுகோள்.

செய்து பார்ப்போம். எல்லா மாணவர்களும் படிக்கவில்லை, சிலர் தூங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் படித்ததால் தேர்ச்சி கூடியிருக்கலாமே, வாதம் நிற்கிறது. மற்ற ஊர்களுக்குப் பயன் இராது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரைப் பற்றிய வாதத்துக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. கேள்வித்தாள் எளிதாக இருந்ததுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். உடனே நூலகம் கீழே விழுந்துவிடுகிறது! பேசியவர் கேள்வித்தாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாதம் முழுவதும் அந்தச் சொல்லாத சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

ஒன்றரை நிமிஷத்தில் செய்து முடிக்க வேண்டிய இந்தச் சிறிய வேலையில் ஒரு பெரிய அறப் பிரச்சினை அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சொன்ன சொல்லுக்கு மனிதன் பொறுப்பாளி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். சொல்லாமல் எடுத்துக்கொண்டதற்கு அவன் பொறுப்பாளியா?

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரை மன்னன் நெடுஞ்செழியனின் அரண்மனையில் அரசியின் காற்சிலம்பு காணாமற்போகிறது. அதைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். தன் மனைவியின் சிலம்பை விற்க வந்த கோவலனை அவன் காண்கிறான். இரண்டு சிலம்புகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. அரசனிடம் ஓடிக் கள்வன் அகப்பட்டான் என்று சொல்கிறான். ஊடியிருந்த அரசியைத் தேற்றப் போய்க்கொண்டிருந்த அரசன், தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்று காவலர்களுக்கு ஆணையிடுகிறான்.

அரசன் ‘இருக்குமானால்’ என்று ஒரு நிபந்தனை வைத்தான் என்பதைக் கவனியுங்கள். அவனை முற்றிலும் நியாயம் அறியாதவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிபந்தனை சொல்லும்போதே ‘கள்வன்’ என்ற தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அந்த ஆணைக்குள் சொல்லாத எடுகோள்கள் இரண்டு இருந்தன. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது அதே பொருள்தான் என்பது ஒன்று. செய்தி கொண்டுவந்தவனுக்கு இந்தத் திருட்டில் பங்கு எதுவும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டில் எதையாவது ஒரு கணம் மறுத்துப் பார்த்திருந்தால் ஆணை சரிந்திருக்கும். சிலம்புக்குள் இருக்கும் பரல் என்ன என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒருத்தி தன் கணவனை இழந்து, அவிழ்ந்த கூந்தலோடு அரசவைக்கு வர வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தவன் அரசனும் அல்ல, பொற்கொல்லனும் அல்ல. பெயர் சொல்லப்படாத ஒரு காவலன். கோவலனைப் பார்த்தவுடன், இவனிடம் கொலைத் தண்டனைக்கு உரியவனின் தோற்றம் இல்லையே என்று சொல்லத் துணிந்தவன் அவன். அவன் முடிவு சரி. அவன் நல்லவன். ஆனால் அவனுடைய வாதம் எதன் மேல் நின்றது? முகம் மனத்தைக் காட்டிவிடும் என்ற சொல்லாத எடுகோளின் மேல். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே அதைத் தட்டிவிடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வர்களின் துணைகள் எட்டை அடுக்குகிறான். தேர்ந்த கள்வன் எப்படி வேண்டுமானாலும் தோன்றுவான் என்று ஆக்கிவிடுகிறான். அதன்பின் கோவலனின் சாந்தமான முகமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. நல்ல காவலனிடம் பதில் இல்லை. குடித்திருந்த மற்றொரு காவலனின் வாள் பேசிவிடுகிறது.

நல்லவர்களின் தோல்விக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் சரியான முடிவைத் தளர்ந்த எடுகோளின் மேல் நிறுத்துகிறார்கள். ‘இவன் முகத்தைப் பார்’ என்பதற்குப் பதிலாக ‘சிலம்பை உடைத்துப் பார்’ என்று அந்தக் காவலன் சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணம் அவனிடம் இருந்தது. எந்த இடத்தைத் தட்டினால் பொய் சரியும் என்று கண்டுபிடிக்கும் பயிற்சி இல்லை. பரீட்சைக்கு வேண்டிய அந்தப் பயிற்சியை வெறும் புத்தி விளையாட்டு என்று நான் ஒதுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மதுரையை விட்டு நம் வீடுகளுக்கு வருவோம். ஒரு வீட்டில் மோதிரமோ சங்கிலியோ காணவில்லை. பீரோவைத் திறந்து பார்க்கிறார்கள். தலையணையை உதறிப் பார்க்கிறார்கள். பிறகு யாரோ மெல்லச் சொல்கிறார்கள்: ‘வெளியாள் என்று வீட்டுக்குள் வருகிறவள் அவள் ஒருத்திதானே?’ இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்கள் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் மடியைச் சோதிக்கப் போகிறார்கள்.

கிரேக்கத்து அறிஞர் அரிஸ்டாட்டில் மேடைப் பேச்சைப் பற்றி எழுதியபோது இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்ததைப் பேசுகிறவன் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே அதைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. ஒருவன் ஒலிம்பிக் போட்டியில் வென்றான் என்று சொன்னால் போதும், பரிசு மகுடம் என்று தனியே சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். பேச்சுக் கலைக்கு இது நல்ல உத்தி. ஆனால் இதன் மறுபக்கம் பயங்கரமானது. சொன்ன பொய்யை யாராவது மறுக்கக்கூடும். கேட்பவர்கள் தாமே மனத்துக்குள் சேர்த்துக்கொண்ட பொய்யை மறுக்க யார் இருக்கிறார்கள்? அது எல்லோருக்கும் சொந்தமானது. ஆகையால் ஒருவரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. ‘நான் அவளைத் திருடி என்று சொன்னேனா?’ என்று வீட்டுக்காரர் கேட்கலாம். சொல்லவில்லைதான்!

இந்த வாதத்தையும் மறுத்துப் பார்க்கலாம். ‘வீட்டு மனிதர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்’ என்பது அதன் எடுகோள். ‘எடுத்திருக்கலாம்’ என்று மாற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம். நம் பிள்ளையே எடுத்திருக்கலாம். நம் மாப்பிள்ளையே எடுத்திருக்கலாம். கூடத்தில் இருப்பவர்களின் முகங்கள் எப்படி மாறும்! பரீட்சை மண்டபத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பரீட்சையில் ஒரு வாக்கியத்தை மறுத்துப் பார்க்கக் கொஞ்சம் அறிவு போதும். அந்த வாக்கியத்தில் நமக்கு உறவும் இல்லை, உடைமையும் இல்லை. வாழ்க்கையில் நம்முடைய எடுகோள்கள் நம்முடைய மானத்தோடும் பாசத்தோடும் சௌகரியத்தோடும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை மறுத்துப் பார்க்க அறிவு மட்டும் போதாது, துணிவு வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், தன் தாய் வேலைக்காரியைச் சந்தேகிக்கும்போது வாய் திறக்காமல் இருந்துவிடக்கூடும். அவனுக்கு விடை தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

தீய எண்ணம் இருந்தால்தான் எடுகோள் கெடுதல் செய்யும் என்பதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போருக்குச் சென்று திரும்பிய குண்டுவீச்சு விமானங்களில் எந்தெந்த இடத்தில் எத்தனை துளைகள் விழுந்திருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். துளைகள் மிகுந்த இடத்தில் கவசத் தகடு பொருத்த வேண்டும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர்க்காலப் புள்ளியியல் குழு ஒன்று இயங்கிவந்தது. அதில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் இருந்தார். ஹங்கேரியப் பகுதியில் பிறந்து, வியன்னாவில் கற்று, யூதர் என்பதால் 1938-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டி வந்தவர். 1943-இல் அவர் எழுதிய குறிப்புகள் அந்த யோசனையின் அடியிலிருந்த எடுகோளைத் தொட்டன.

கணக்கில் வந்தவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. திரும்பாத விமானங்களும் இதே இடங்களில்தான் அடிபட்டிருக்கும் என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டால்தான் அந்த யோசனை நிற்கும். அதை மறுத்துப் பாருங்கள். இறக்கையில் அடிபட்ட விமானம் தள்ளாடியேனும் வந்து சேர்ந்துவிட்டது. இயந்திரத்தில் அடிபட்டது வந்து சேரவில்லை. அப்படியானால் துளைகள் குறைவாகக் காணும் இடமே அதிக ஆபத்தான இடம்! அதிகாரிகளோடு வால்ட் நடத்தியதாகச் சொல்லப்படும் விறுவிறுப்பான உரையாடல் பிற்காலத்தார் சேர்த்தது. வந்தவற்றின் காயத்திலிருந்து வராதவற்றின் காயத்தைக் கணக்கிட அவர் வகுத்த முறையோ உண்மை. இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவரும் அவர் மனைவியும் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் நேர்ந்த ஒரு விமான விபத்தில் உயிரிழந்தார்கள். திரும்பாத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர் திரும்பாத ஒரு விமானத்திலேயே போய்விட்டார் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

வால்ட் செய்ததை நான் ஓர் அறச் செயலாகவே மதிக்கிறேன். கண்முன் இல்லாதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நம்முடைய தவறான எடுகோள்கள் பெரும்பாலும் அவ்விடத்தில் இல்லாதவர்களைப் பற்றியவை. கூடத்தில் பேச்சு நடக்கும்போது அந்த வேலைக்காரி கொல்லைப்புறத்தில் இருக்கிறாள். கோவலனும் அரசன்முன் நிறுத்தப்படவில்லை. இருப்பவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் சுமக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நியாயமான ஆட்சேபணையை எழுப்பலாம். ‘இப்படி எல்லாவற்றையும் மறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் ஒரு வேளைச் சோறு சாப்பிட முடியுமா? பால்காரர் விஷம் கலக்கவில்லை என்று எடுத்துக்கொண்டுதானே காப்பி குடிக்கிறோம்?’ உண்மைதான். ஆலிஸின் கதையை எழுதிய லூயி கரோல் 1895-இல் ஆமைக்கும் அக்கிலீஸ் என்ற வீரனுக்கும் நடக்கும் ஓர் உரையாடலை எழுதினார். ‘இந்த இரண்டும் உண்மையானால் மூன்றாவதும் உண்மை என்பதையும் எழுதிக்கொள்’ என்கிறது ஆமை. எழுதியவுடன், ‘அப்படி எழுதியதும் சரிதான் என்பதையும் எழுதிக்கொள்’ என்கிறது. அந்த நோட்டுப் புத்தகம் முடிவதே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வாதம் செய்வேன் என்கிறவன் ஒரு வாதத்தையும் முடிக்கமாட்டான். நம்பிக்கையும் ஓர் எடுகோள்தான். அது இல்லாமல் நட்பு இல்லை, குடும்பம் இல்லை, ஊர் இல்லை.

ஆகையால் எடுகோளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அந்த எடுகோள் பொய்த்தால் நஷ்டப்படுவது யார் என்று பார்க்க வேண்டும். பால்காரரை நம்பி நான் ஏமாந்தால் நஷ்டம் எனக்கு. அது நான் தாங்கத் துணிந்த ஆபத்து. வேலைக்காரியை நம்பாமல் நான் ஏமாந்தால் நஷ்டம் அவளுக்கு. அவளுடைய பெயரும் பிழைப்பும் என் சொல்லாத வாக்கியத்தில் தொங்குகின்றன. பிறர் தலையில் விழக்கூடிய எடுகோளைச் சோதிக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இந்த அளவுகோலை அந்தப் பரீட்சையின் மேலேயே வைத்துப் பார்த்தால் என்ன? குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2011-இல் சீசாட் என்ற தாள் சேர்க்கப்பட்டது. இரண்டு மணி நேரத்தில் 80 கேள்விகள், 200 மதிப்பெண்கள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. தமிழிலேயே படித்து வளர்ந்த ஒரு கிராமத்துப் பையன், சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், சொன்னது என்ன என்பதை வேற்றுமொழியில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தி வழியாகப் படித்தவர்களுக்கும் குறை இருந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த இந்தி விளங்கவில்லை என்று 2014-இல் டில்லியில் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். ஆங்கில வாசிப்புப் பகுதியின் மதிப்பெண்களைத் தரவரிசைக்குச் சேர்ப்பதில்லை என்று அரசு அறிவித்தது. 2015 முதல் அந்தத் தாளில் 33 சதவிகிதம் பெற்றால் போதும் என்றும் ஆயிற்று.

எடுகோளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சைக்கு உள்ளேயும் எடுகோள் இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. விரைந்து வாசிக்கிறவனே நன்றாகச் சிந்திக்கிறவன். இந்த இரண்டு மொழிகளில் சிந்திக்கிறவனே மாவட்டத்தை ஆளத் தகுதியுள்ளவன். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். லட்சக்கணக்கானவர்களில் சில நூறு பேரைப் பொறுக்க ஏதோ ஒரு சல்லடை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சல்லடையின் கண் எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சலிப்பவர்கள் தெரிந்துகொண்டே சலிக்க வேண்டும். கீழே விழுந்தவை எல்லாம் தவிடு என்று சொல்லிவிடக் கூடாது. அவை திரும்பி வராத விமானங்களாகவும் இருக்கலாம்.

பரீட்சைக்குப் பயிற்சி தருகிறவர்கள் மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்வதுண்டு. வாதத்தில் ‘ஆகவே’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடு; அதற்கு முன்னாலுள்ள இடைவெளியில்தான் சொல்லாமல் விட்டது ஒளிந்திருக்கும் என்பார்கள். அந்த மாணவர்களில் சிலர் நாளை அதிகாரிகள் ஆவார்கள். அவர்கள் மேஜைக்கு விண்ணப்பங்கள் வரும். ஒவ்வொன்றிலும் கீழே இருப்பவர்கள் எழுதிய ‘ஆகவே’ ஒன்று இருக்கும். ‘விண்ணப்பதாரர் விசாரணைக்கு வரவில்லை, ஆகவே அவருக்கு இதில் அக்கறை இல்லை’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அவருக்கு அன்றைக்குப் பஸ் செலவுக்குக் காசு இருந்ததா என்ற கேள்வி அந்த இடைவெளியில் கிடக்கும். நாற்காலியில் இருப்பவர் அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சையில் செலவழித்த ஒன்றரை நிமிஷத்தை அந்த மனிதருக்காக மறுபடியும் செலவழிப்பாரானால், அவர் வாங்கிய மதிப்பெண் நியாயமான மதிப்பெண்தான்.